பால் வெட்டிய குடும்பத்தின் பேத்தி தன்னைப் பற்றி என்ன எழுதலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் மாணவி ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்விக்கு இது பதில். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் பின்னணி என்ன, தாங்கள் யார், பத்தாண்டுகளுக்குப் பிறகு என்னவாக விளங்க விரும்புகிறார்கள் என்பதைக் கட்டுரையாக எழுதித் தர வேண்டுமாம். “தாத்தாவும் பாட்டியும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா தொழிற்சாலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் எழுதுவதற்கென்று எதுவும் இல்லை. வறுமையைச் சொல்லி இரக்கம் தேடவும் எனக்கு விருப்பமில்லை. ஒருவருடைய பின்னணி அவரை உண்மையிலேயே எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?” என்று அவர் கேட்கிறார்.

இந்த வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் நீண்ட காலம் ஆலோசனை ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பல பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பலர் கேட்காமலேயே மனத்துக்குள் ஒரு பதிலை வைத்துக்கொண்டு படிப்பை விட்டிருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மக்களின் குணம் என்று பிறரும், பிறர் சொல்லிச் சொல்லி நாமும் நம்பிக்கொண்டிருக்கும் பலவும் குணமே அல்ல. ஒரு காலத்துச் சட்டமும் சம்பள முறையும் வீட்டு ஏற்பாடும் பள்ளிக்கூடமும் நம் முன்னோரைச் சுற்றி அமைத்து வைத்த ஒழுங்கின் தடங்கள் அவை. அந்தத் தடங்களை நம் இயல்பு என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு எதிர்காலம் தானாகவே சுருங்கிவிடுகிறது. எது நமக்குச் சொந்தமானது, எது நம்மீது சுமத்தப்பட்டது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அதே பின்னணியிலிருந்து ஆசைப்படுவதற்கான துணிவு கிடைக்கிறது. இதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒழுங்கு எப்படிப்பட்டது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊருக்கு அடுத்துள்ள கோலகங்சாரில்தான் 1877இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளுள் சில நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்கள் பெருகி ரப்பருக்கு விலை ஏறியதும் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. அவற்றுக்கு ஆள் சேர்ப்பதற்காகத் தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து 1907இல் ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வருவோரின் கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னர், தொழிலாளர் கூட்டத்துக்குத் தலைவர்களான கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குப் போய் உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவதே பெருவழியாயிற்று. 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை அது நீடித்தது. உங்கள் கொள்ளுத் தாத்தா தனியாக வந்திருக்க மாட்டார்; பெரும்பாலும் ஒரு கங்காணியின் பின்னால், ஊர்க்காரர் பலரோடு சேர்ந்தே வந்திருப்பார்.

வந்தவர்களுக்கு வேலை கொடுத்த அதே தோட்டம்தான் வரிசையாகக் கட்டிய லயன் வீட்டையும் கொடுத்தது. மருந்து கொடுக்கும் டிரஸரும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும், பள்ளிக்கூடமும், கோயில் திருவிழாவுக்கான அனுமதியும், கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் பிள்ளையின் பள்ளியும் போகும், பள்ளியோடு சாமியும் சொந்தமும் போகும். வாழ்க்கையின் எல்லாக் கயிறுகளும் ஒரே கையில் இருந்தபோது, அந்தக் கைக்கு உரியவரான துரையிடம் நேரில் பேசும் பழக்கமும் தொழிலாளருக்கு இல்லை. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்ல வேண்டும். கிராணி விரும்பினால் மேலே சொல்வார்.

இப்போது உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள். அரசாங்க அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தால் பாட்டி தயங்குவார். விண்ணப்பப் பாரத்தை உங்களிடம் நீட்டி, “நீ போய்ப் பேசம்மா, எங்களுக்கு என்ன தெரியும்” என்பார். உங்கள் அப்பாவும் வேலையிடத்தில் தமக்கு வர வேண்டிய மிகைநேரப் பணத்தைக் கேட்க யோசிப்பார். இதைப் பார்த்து வளரும் பிள்ளை, நாம் கூச்ச சுபாவம் உள்ளவர்கள், நமக்குப் பேச வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. கேட்டால் வீடு போய்விடக்கூடும் என்ற நிலையில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்த குடும்பத்துக்கு, கேட்காமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. அந்த ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பாதுகாப்புப் பழக்கம் வீட்டில் தங்கிவிட்டது. அவ்வளவுதான். அதை உங்கள் சுபாவம் என்று எந்த விண்ணப்பத்திலும் எழுதிவிடாதீர்கள்.

அடுத்து மழை. உங்கள் பாட்டியிடம் கேட்டால் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். விடிவதற்கு முன்பே எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, அவரவர் மர வரிசையான நிரைக்குப் போவார்கள். அந்தக் குளிர்ந்த நேரத்தில்தான் பட்டைக்குள் உள்ள பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வரத்து குறைந்துவிடும். பால் வழிந்து ஓடும் கோடான காடியைப் பட்டையில் வெட்டி, பாலை ஏந்தும் கிண்ணமான மங்கைக் கவனித்து வைத்து, அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று போய், பிறகு திரும்பி வந்து பாலைச் சேகரித்துத் தோளில் தாங்கும் கம்பான காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் காடி வழியே ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும் என்பதால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் சம்பளமும் இல்லை.

நாள் சம்பளக்காரர்களின் குடும்பத்தில் எதிர்காலம் என்பது எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்று யோசியுங்கள். மாதக் கடைசியில் கையில் எவ்வளவு வரும் என்பதை வானம் முடிவு செய்யும்போது, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்ற பேச்சுக்கு வீட்டில் இடம் இருக்காது. கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் ஏறிய கணக்கை இந்தச் சம்பளத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் அவர்களுடைய திட்டமிடல். அதை அவர்கள் மிகத் திறமையாகவே செய்தார்கள். தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாகத் தொழிற்சங்கப் போராட்டங்களில் ஒலித்தது. குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். ‘நம் ஆட்கள் தூரம் பார்த்துத் திட்டமிட மாட்டார்கள்’ என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நிலையான வருமானம் உள்ளவனுக்கே நீண்ட திட்டம் கைகூடும். வருமானம் நிலைத்த உடனே நம் குடும்பங்கள் முதலில் செய்தது சொந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியதும் பிள்ளையின் படிப்புக்கென்று ஒதுக்கியதும்தான். சொந்த வீட்டின் மீது உங்கள் அப்பாவுக்கு இருக்கும் பிடிவாதம், வேலையோடு வீடும் போய்விடும் என்ற பழைய அச்சத்தின் மறுபக்கம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1923இன் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டத்துக்காக வைக்கப்பட்ட பள்ளிகளில் பல ஒரே அறையில் எல்லா வகுப்புகளையும் நடத்தின. சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சம்பளக் கணக்கைப் புரிந்துகொள்ளவும் போதுமான கல்வி அது; அதற்கு மேல் ஏறிப் போவதற்கு அங்கே படி இல்லை. அந்தப் பிள்ளைகள் கண்ணால் கண்ட, சட்டை போட்டு உத்தியோகம் பார்த்தவர்கள் மூன்று பேர்: கிராணி, டிரஸர், வாத்தியார். எனவே தோட்டத்துப் பிள்ளையின் கனவும் அந்த மூவரைச் சுற்றியே அமைந்தது. பின்னாளில் போலீஸ்காரரும் நர்ஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். பொறியாளரையோ ஆய்வாளரையோ நீதிபதியையோ அந்தப் பிள்ளை பார்த்ததில்லை.

மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ஆசைப்படும் ஆற்றலும் செல்வத்தைப் போலச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வாகவே பங்கிடப்பட்டிருக்கிறது என்று வாதிட்டார். எதிர்காலம் ஒரு வரைபடம் என்றால், வசதி உள்ளவர்கள் அதை அடிக்கடி பயன்படுத்திப் பழகியவர்கள். எந்தத் தெரு எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்கும் தெரியும், அவர்களுடைய உறவினர்களுக்கும் தெரியும். ஏழைகளிடமும் ஆசை உண்டு. ஆனால் புறப்படும் இடத்துக்கும் போய்ச் சேரும் இடத்துக்கும் நடுவில் உள்ள பாதைகள் அவர்களுடைய படத்தில் குறிக்கப்படவில்லை. எங்கள் பள்ளியில் ‘டாக்டர் ஆக வேண்டும்’ என்று சொன்ன பிள்ளைகளிடம் அதற்கு எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டால் பலர் மௌனமாகிவிடுவார்கள். அந்த மௌனத்தைச் சில ஆசிரியர்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத ஒரு விஷயம் பிள்ளைக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இதுவரை சொன்னது சுமத்தப்பட்டதைப் பற்றி. இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு மிக முக்கியமானது. ‘எங்கள் வீட்டில் எழுதுவதற்கென்று எதுவும் இல்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் மனத்தில் இதுதான் முதலில் எழுந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்று வழிநடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளை எடுத்துப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் அதே சம்பளம் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள், அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் பட்டியல் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், பெண் தொழிலாளரிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும், கூட்டம் கூடவும் பேசவும் உரிமை வேண்டும் என்றார்கள். இவற்றோடு இன்னொன்று: துரைமாரும் தோட்டத்து அதிகாரிகளும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். சம்பளத்தோடு சேர்த்து, சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் உரிமையையும் எழுதிக் கொடுத்தவர்கள் யார்? மழை நாளில் பட்டினி கிடந்த அதே மக்கள். ராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. என்றாலும் நம் மக்கள் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் என்ன வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதற்கு அந்தப் பட்டியல் சாட்சியாக இருக்கிறது. ஆசைப்படத் தெரியாத கூட்டம் எழுதக்கூடிய பட்டியலா அது?

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1943இல், சுபாஷ் சந்திரபோஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்து சீருடை அணிந்தார்கள். அதே காலத்தில் தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். போர் முடிந்து, 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஆங்கிலேய நிர்வாகிகள் கொல்லப்பட, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. வரலாற்று நூல்களில் உங்கள் ஊர்ப் பெயர் இந்தக் காரணத்துக்காகவே இடம்பெறுகிறது. அந்தத் தோட்டங்களில் வேலி கட்டிய குடியிருப்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. உங்கள் பாட்டி அந்த ஒரு வரிக்கு உரியவராக இருக்கலாம்.

அவசரகாலம் முடியுமுன்பே, 1954இல், உங்கள் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்பியது. அதையடுத்த ஆண்டுகளில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைப்பதற்காகத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டியபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், என்று கொடுத்தவர்களில் பால் வெட்டியவர்களும் இருந்தார்கள். தாங்கள் ஒருநாளும் கால் வைக்கப் போகாத பல்கலைக்கழகத்துக்கு, யாரோ ஒரு பிள்ளை போய்ப் படிக்கட்டும் என்று கொடுத்த பணம் அது. பிறகு வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்று, தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்து நின்றார்கள். அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்க்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை அச்சங்கம் முதலில் வாங்கியது. கூலிக்கு மரம் வெட்டியவர்கள் அந்த மரங்களுக்கே பங்குதாரர் ஆனார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பங்குச் சான்றிதழ் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் பல வீடுகளில் இருந்தது.

இவ்வளவையும் வரலாற்றுப் பெருமை பேசுவதற்காக நான் அடுக்கவில்லை. சிலர் நம் பூர்வீகத்தைக் கூலி வம்சம் என்று மறைக்கிறார்கள்; சிலர் இந்த நாட்டைக் கட்டியவர்களே நாம்தான் என்று மேடையில் முழங்குகிறார்கள். இரண்டுமே பிள்ளைகளுக்குப் பயன்படுவதில்லை என்பது என் முடிவு. வெட்கப்படுகிறவனும் விவரம் கேட்பதில்லை, முழங்குகிறவனும் விவரம் கேட்பதில்லை. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன வேலை, யார் படிக்க வைத்தார், யார் படிப்பை விட்டார் என்ற விவரங்களில்தான் ஒரு பிள்ளை தன்னை அடையாளம் காண முடியும்.

அந்த விவரங்கள் வேகமாக அழிந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால் ‘நீங்கள் எந்தத் தோட்டம்?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. 1921இல் தொடங்கப்பட்ட பெராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா நிற்கிறது. அங்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் லயன்களில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர் குடியிருக்கிறார்கள். 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தபோது நம் குடும்பங்கள் சுதந்திரத்தைப் பெற்றன. கூடவே அண்டை வீட்டுப் பாதுகாப்பையும், பிள்ளையைக் கண்டிக்க உரிமை இருந்த பெரியவர்களையும், ஒரே கோயில் ஒரே திருவிழா என்ற சேர்க்கையையும் இழந்தன. பட்டணத்துக் குடியிருப்பான தாமானில் வளர்ந்த நீங்கள் ‘எந்தத் தோட்டம்?’ என்ற கேள்விக்குப் பாட்டியின் தோட்டத்தைச் சொல்கிறீர்களா, சுங்கை சிப்புட் என்கிறீர்களா என்று தெரியவில்லை. இரண்டையும் சொல்லலாம்.

இன்னொரு இழப்பு காகிதத்தைச் சார்ந்தது. சுதந்திரத்துக்கு முன் தோட்டத்தில் பிறந்தவர்கள் பலருக்குப் பிறப்புப் பத்திரம் முறையாக எடுக்கப்படவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் விட்டவர்களும் உண்டு. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பலர் பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பல் ஏறினார்கள். இருந்தவர்களில் சிலர் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலத்தை ஓட்டினார்கள். பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பீரோவின் அடித்தட்டில் பத்திரப்படுத்தும் அம்மாவின் வழக்கத்துக்கு இப்படி ஒரு பின்புலம் உண்டு.

உங்கள் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுப் பதின்மூன்று வயதில் மலாய் மொழி வழியில் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறோம். சிலர் நேராக முதலாம் படிவத்துக்குப் போகிறார்கள். சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை இங்கே வந்ததும் வாயே திறப்பதில்லை. அறிவியலில் விடை தெரிந்திருக்கும், மலாயில் வாக்கியம் அமைவதற்குள் வேறொருவர் பதில் சொல்லிவிடுவார். ஒரு சில மாதங்கள் இப்படிப் போனால், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று பிள்ளை தன்னைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறது. வகுப்பில் பின்வரிசை அமைதியாக இருந்தால் ஆசிரியரும் தொந்தரவு இல்லை என்று விட்டுவிடுகிறார். எங்கள் ஊரில் படிப்பு முறிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் முறிந்தார்கள் என்பது என் அனுபவம். நீங்கள் அதைக் கடந்து ஆறாம் படிவம் வந்திருக்கிறீர்கள். மூன்று மொழிகளில் படித்து எழுதி, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஒவ்வொரு நாளும் பலமுறை மாறி மாறிப் போய் வரும் பயிற்சி உங்களுக்கு இருக்கிறது. அதை நீங்கள் திறமையாகவே எண்ணியிருக்க மாட்டீர்கள். எண்ணுங்கள்.

‘ஒரே லயனில், ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் காவலாளியாகவும் ஆகிறார்களே, அப்படியென்றால் எல்லாம் தனிமனித முயற்சிதானே’ என்று சிலர் உங்களிடம் வாதாடக்கூடும். அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை கிடைக்கும். மூத்தவர் மூன்றாம் படிவத்தோடு நின்று வேலைக்குப் போனதால்தான் இளையவர் படிக்க முடிந்தது. பல குடும்பங்களில் அந்த மூத்தவர் ஒரு பெண் பிள்ளையாக, தொழிற்சாலைப் பேருந்தில் பினாங்குக்கோ ஈப்போவுக்கோ போய் வந்த அக்காவாக இருந்தார். முயற்சி இல்லாமல் எவரும் மேலே வரவில்லை. ஆனால் அந்த முயற்சிக்கு இடம் கிடைத்ததில் வேறொருவருடைய விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மெட்ரிகுலேஷன் வகுப்பு இடங்களில் உள்ள ஒதுக்கீட்டு முறையால் நம் பிள்ளைகளுக்குக் கதவு குறுகலாக இருப்பதையும் நான் மறைக்க மாட்டேன். நல்ல மதிப்பெண் எடுத்தும் கேட்ட துறை கிடைக்காமல் அழுத பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் அது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல அம்மா. இப்போதே இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

விட்டுக்கொடுத்தவர்களின் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்காக, அக்காவுக்காக, பாட்டிக்காகப் படிக்கிறேன் என்று நம் பிள்ளைகள் எழுதுவது உண்மையான உணர்வு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்கும்போது, விரும்பாத துறையைக் குடும்பத்துக்காக எடுத்து, இரண்டாம் ஆண்டில் சோர்ந்து நின்றவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர்கள் எந்தப் பிள்ளை எந்தத் துறையைப் படிக்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. உங்களுக்கு எதில் மனம் போகிறது என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

இனிக் கட்டுரை. ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், கஷ்டப்பட்டு வளர்ந்தேன்’ என்று தொடங்கும் கட்டுரைகள் தேர்வாளர்களுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஏனென்றால் அவற்றில் ஆளே இருப்பதில்லை. இரண்டு மாலை நேரங்களைப் பாட்டிக்கு ஒதுக்குங்கள். எத்தனை வயதில் நிரை எடுத்தார், எந்தத் தோட்டம், வேலையை மேற்பார்த்த தண்டல் யார், மழைநாளில் வீட்டில் என்ன சமைத்தார், சேமநிதிப் பணம் கையில் வந்தபோது என்ன செய்தார், படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாரா, எப்போது அந்த ஆசையை விட்டார் என்று கேளுங்கள். ‘கஷ்டப்பட்டோம்’ என்று பொதுவாகச் சொன்னால் விடாதீர்கள். ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளை அவர் சொன்னபடியே, மிகைப்படுத்தாமல் எழுதினால் பின்னணி என்ற பகுதி முடிந்தது. இரக்கம் தேடும் தொனி அதில் தானாகவே வராது. நீங்கள் யார் என்ற பகுதிக்கு, வீட்டில் பாரங்களை நிரப்புவதும், அலுவலகத்தில் அப்பாவுக்காகப் பேசுவதும், மொழி விட்டு மொழி மாறுவதும் நீங்கள் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு என்ற பகுதியில்தான் பலர் பெரிய சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். உளவியலாளர்கள் ஹேசல் மார்கஸும் பவுலா நூரியஸும் 1986இல், ஒருவர் தாம் ஆக விரும்பும் ஆளையும் ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் ஆளையும் மனத்தில் எவ்வளவு தெளிவாகக் காண்கிறார் என்பது அவருடைய செயலைத் தூண்டுகிறது என்று விளக்கினார்கள். ஆகவே ‘சமுதாயத்துக்குச் சேவை செய்வேன்’ என்று எழுதாமல், எந்த வேலை, எந்த ஊர், காலையில் எழுந்தால் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எழுதுங்கள். அதற்கு எந்தப் பட்டப்படிப்பு, அதற்கு ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் எவ்வளவு புள்ளிகள் வேண்டும், அந்தத் துறையில் இப்போது வேலை செய்யும் ஒருவரையாவது சந்தித்துப் பேசினீர்களா என்பதையும் சேருங்கள். சந்தித்திருக்காவிட்டால் விண்ணப்பம் அனுப்புவதற்குள் ஒருவரைச் சந்தியுங்கள். ஈப்போவில் இருக்கும் உங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர்களிடம் உங்கள் ஆசிரியர் வழியாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். எழுதி முடித்த கட்டுரையை முதலில் பாட்டிக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, தோட்டத்தைப் பற்றிய விவரங்களைத் திருத்திக்கொண்ட பிறகு, மலாய் ஆசிரியரிடம் மொழித் திருத்தத்துக்குக் கொடுங்கள்.